ஸ்கேன் அறையில் பார்ப்பவர் யார்?

எக்ஸ்ரே எடுப்பவர் நோயாளியைப் பலகைக்கு முன் நிறுத்துகிறார், மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்கிறார், பொத்தானை அமுக்குகிறார். படம் வந்துவிடுகிறது. அடுத்த அறையில் இருக்கும் மருத்துவர் பார்த்தாலும், ஆயிரம் மைலுக்கு அப்பால் இருப்பவர் பார்த்தாலும், பார்ப்பது அதே படத்தைத்தான். எடுப்பவர் ஒருவர், படிப்பவர் இன்னொருவர் என்று அங்கே வேலையைப் பிரித்து வைத்ததில் பெரிய பழுதில்லை. அல்ட்ராசவுண்ட் வந்தபோது அந்தப் பிரிவினையை யோசிக்காமல் இதற்கும் பொருத்திவிட்டார்கள். அது பொருந்தவில்லை என்பதும், அதனால் நஷ்டப்படுகிறவர்கள் சிறிய ஊர்களின் மருத்துவமனைகளுக்கு வரும் நோயாளிகள் என்பதும்தான் இன்று நான் வாதிட வந்திருக்கும் பொருள்.

முதலில் அந்த எந்திரம் என்ன செய்கிறது என்று பார்ப்போம். கையில் பிடிக்கும் புரோப், நம் காதுக்கு எட்டாத ஒலியை உடம்புக்குள் அனுப்பிவிட்டு எதிரொலிக்காகக் காத்திருக்கிறது. வயிற்றைப் பார்க்க நொடிக்கு 20 லட்சம் முதல் 50 லட்சம் அதிர்வுகள் கொண்ட ஒலி போதும். கழுத்து, கால் போன்ற மேலோட்டமான இடங்களுக்கு அதைவிடக் கூடுதலான அதிர்வு வேண்டும். மென்மையான திசுக்களில் ஒலி நொடிக்கு 1540 மீட்டர் போகும் என்று எந்திரம் தானாகவே வைத்துக்கொண்டு, எதிரொலி திரும்ப எடுத்த நேரத்தைத் தூரமாக மாற்றிக் கோடு கோடாகப் படம் வரைகிறது. காற்று குறுக்கே வந்தால் ஒலி அங்கேயே முட்டித் திரும்பிவிடும்; எலும்புக்குப் பின்னால் நிழல்தான். குடலில் வாயு நிறைந்திருக்கும் நோயாளியின் கணையத்தைப் பார்க்க வேண்டுமானால் புரோப்பைச் சாய்க்க வேண்டும், அமுக்க வேண்டும், சில சமயம் தண்ணீர் குடிக்க வைத்து இரைப்பையையே ஒரு ஜன்னலாக ஆக்கிக்கொள்ள வேண்டும். திரையில் தெரிவது சில மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு கீற்று மட்டுமே. அதற்கு இரண்டு பக்கமும் இருப்பது, கை அங்கே போகும்வரை யாருக்கும் இல்லாதது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நொடிக்கு 25 படம் என்று வைத்தால் 20 நிமிடச் சோதனையில் 30,000 படங்கள் திரையில் ஓடிப் போகின்றன. சேமிக்கப்படுபவை நாற்பதோ ஐம்பதோதான். மீதி அத்தனையையும் பார்த்தவர் புரோப் பிடித்த சோனோகிராபர் மட்டுமே. படத்தைப் படிக்கும் மருத்துவரான ரேடியாலஜிஸ்ட் பின்னால் வந்து அந்த ஐம்பதைப் பார்க்கும்போது, ஏற்கெனவே ஒருவர் செய்து முடித்துவிட்ட தேர்வைத்தான் பார்க்கிறார். நல்ல சோனோகிராபர் கட்டியைக் கண்டிருந்தால் அந்த ஐம்பதில் அது இருக்கும். காணாமல் விட்டிருந்தால், உலகத்தின் தலைசிறந்த ரேடியாலஜிஸ்டும் அந்த ஐம்பதையும் பார்த்து ஈரல் இயல்பாக இருக்கிறது என்றுதான் எழுதுவார். அவர் எழுதியது பொய்யாகாது. அவருக்குக் கிடைத்த ஈரல் அவ்வளவுதான்.

இது தேர்வோடு நின்றுவிடுவதும் இல்லை. பல நோய்களில் முடிவே கைக்குள் நிகழ்கிறது. காலின் ஆழ்சிரையில் ரத்தம் உறைந்திருக்கிறதா என்று பார்ப்பது எப்படி? புரோப்பால் அமுக்கிப் பார்ப்பதுதான். கட்டி இல்லாத சிரை நசுங்கிவிடும், கட்டியுள்ள சிரை நசுங்காது. எவ்வளவு அழுத்தினார், சரியான இடத்தில் அழுத்தினாரா என்பதை எந்தப் படமும் முழுதாகச் சொல்லாது. பித்தப்பை அழற்சியில், புரோப்பின் நுனி பித்தப்பைக்கு நேர் மேலே அழுத்தும்போது மட்டும் நோயாளி சுருண்டு வலிக்கிறது என்பார். அது ஒரு முக்கியமான அறிகுறி. அது எந்தப் படத்திலும் பதியாது. பித்தப்பைக்குள் தெரிவது கல்லா, சுவரோடு ஒட்டிய சதையா என்ற சந்தேகம் வந்தால் நோயாளியை இடப்பக்கம் புரளச் சொல்லிப் பார்ப்பார்கள். கல்லென்றால் பெரும்பாலும் உருளும். குடல்வால் அழற்சியைக் கண்டுபிடிக்க, குடலை மெதுவாக அமுக்கி வாயுவை ஒதுக்கிப் பார்க்கும் முறையை நெதர்லாந்தின் பைலார்ட் 1986இல் எழுதினார். அன்றிலிருந்து உலகம் முழுக்கச் செய்யப்படும் அந்தச் சோதனையின் உயிர் விரல் அழுத்தத்தில் இருக்கிறது.

அளவு சார்ந்த சோதனைகளாவது இந்தக் கைச்சார்பிலிருந்து தப்புமா என்றால், அதுவும் இல்லை. கழுத்துத் தமனியில் அடைப்பு எவ்வளவு என்பதை டாப்ளரில் ரத்தத்தின் வேகத்தைக் கொண்டு கணிக்கிறார்கள். உச்ச வேகம் நொடிக்கு 230 சென்டிமீட்டரைத் தாண்டினால் 70 விழுக்காடோ அதற்கு மேலோ அடைப்பு என்பது அமெரிக்க வல்லுநர்கள் கூடி வகுத்து 2003இல் வெளியிட்ட அளவுகோல். வேகத்தைக் கணக்கிட எந்திரத்துக்கு ஒலிக்கற்றைக்கும் ரத்த ஓட்டத்துக்கும் இடையிலுள்ள கோணம் தெரிய வேண்டும். அந்தக் கோணத்தைத் திரையில் ஒரு சின்னக் கோட்டைத் திருப்பிச் சொல்லித் தருபவர் டெக்னீஷியன். உண்மைக் கோணம் 60 டிகிரி, அவர் 65 என்று வைத்துவிட்டார் என்றால், 200 சென்டிமீட்டர் வேகம் 237 என்று அச்சாகும். நோயாளி எல்லைக் கோட்டைத் தாண்டிவிட்டார். கத்தி வைப்பதா, மாத்திரையில் நிறுத்துவதா என்ற பேச்சு அந்த ஐந்து டிகிரியிலிருந்து தொடங்குகிறது.

ஆக, புரோப் பிடிப்பவர் நோயைத் தேடுகிறார், கண்டுபிடிக்கிறார், அளக்கிறார், எதை மற்றவர்களுக்குக் காட்டுவது என்று முடிவெடுக்கிறார். இதை எந்திரம் ஓட்டுவது என்று சொன்னால் அது விவரப் பிழை. இந்தப் பிழை மீது கட்டப்பட்ட ஏற்பாடுகள் நாட்டுக்கு நாடு மூன்று விதமாக இருக்கின்றன.

அமெரிக்காவில் இது ஒரு தனித் தொழில். 1958இல் கிளாஸ்கோவின் இயன் டொனால்டும் மக்விகாரும் பொறியாளர் டாம் பிரௌனும் வயிற்றுக் கட்டிகளை ஒலியால் பார்த்த கட்டுரை லான்செட்டில் வந்தது. பன்னிரண்டு ஆண்டுகளில், 1970இல், அமெரிக்க டெக்னீஷியன்கள் தங்களுக்கென ஒரு சங்கம் வைத்துக்கொண்டார்கள். 1975இல் தேர்வு வைத்துப் பதிவு தரும் அமைப்பும் வந்துவிட்டது. அங்குள்ள சிறு நகரத்துச் சமுதாய மருத்துவமனையில் இரவு நேரத்தில் அவசர அழைப்பில் இருப்பவர் சோனோகிராபர். ரேடியாலஜிஸ்ட் பெரும்பாலும் வேறெங்கோ ஒரு திரை முன். சோதனை முடிந்ததும் சோனோகிராபர் தான் கண்டதை ஒரு தாளில் குறித்து அனுப்புகிறார். அதைப் படித்து ரேடியாலஜிஸ்ட் அறிக்கை எழுதுகிறார். அறிக்கையில் அவர் பெயர் இருக்கும். கண்டவரின் தாள் பல மருத்துவமனைகளில் நிரந்தரக் கோப்பில் சேராது. நோயாளி முகத்தைப் பார்த்து என்ன இருக்கிறது என்று கேட்டால் டாக்டர் சொல்வார் என்பதே அனுமதிக்கப்பட்ட பதில். குழந்தையின் இதயம் நின்றுபோனதைத் திரையில் கண்டவர், தாயின் கேள்விக்கு முகபாவம் மாறாமல் இந்தப் பதிலைச் சொல்ல வேண்டும். வேலையிலேயே கடினமான பகுதி இதுதான் என்று அந்தத் தொழிலின் இதழ்களில் திரும்பத் திரும்ப எழுதப்படுகிறது.

பிரிட்டன் இன்னொரு வழியில் போனது. அங்கே கருவின் 18 முதல் 20 வாரத்துச் சோதனையைச் செய்பவர் சோனோகிராபர். 11 வகைக் குறைபாடுகளைத் தேடுபவரும், அறிக்கை எழுதிக் கையெழுத்திடுபவரும், தாயிடம் அப்போதே வாய்திறந்து சொல்பவரும் அவரே. வயிறு, சிறுநீரகம் என்று பொதுச் சோதனைகளிலும் இது பரவலாக நடக்கிறது. விசித்திரம் என்னவென்றால், இவ்வளவு பொறுப்பைக் கொடுத்த நாட்டில் சோனோகிராபர் என்ற பெயரைச் சட்டம் இன்னும் காக்கவில்லை. வேலையை நம்பிக் கொடுத்துவிட்டு பட்டத்தைப் பூட்டாமல் விட்டது பிரிட்டிஷ் நிர்வாகத்தின் குணத்துக்கு ஏற்றதுதான்.

மூன்றாவது நம்முடையது. இந்தியாவில் வயிற்று ஸ்கேனைப் பொறுத்தவரை இந்தத் தொழில் நடைமுறையில் இல்லை. பதிவு பெற்ற மருத்துவர் கையில்தான் புரோப் இருக்க வேண்டும். காரணம் மருத்துவம் அல்ல, 1994ஆம் ஆண்டின் கருவின் பாலினத் தேர்வுத் தடைச் சட்டம். 1996 ஜனவரியில் அமலுக்கு வந்த இந்தச் சட்டம், கருவைக் காட்டக்கூடிய எந்திரம் எதுவாயினும் பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது. யார் கையாளலாம் என்பதையும் வரையறுக்கிறது. எம்.பி.பி.எஸ். மருத்துவருக்கே ஆறு மாதப் பயிற்சி வேண்டும் என்ற விதியை 2016இல் டெல்லி உயர் நீதிமன்றம் தள்ளியது; 2018இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. இதன் விளைவு தாலுகா மருத்துவமனைகளுக்குத் தெரியும். எந்திரம் உறையோடு நிற்கும், ஸ்கேன் மருத்துவர் வாரத்தில் சில நாள் வருவார், வயிற்று வலியோடு வந்தவர் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்பப்படுவார் அல்லது தெருமுனை ஸ்கேன் சென்டரில் கைக்காசு கொடுப்பார்.

ஆனால் நம் மருத்துவமனைகளிலேயே இதற்கு மாறான சாட்சி இரண்டு இருக்கிறது. எக்கோ ஒன்று. இதயத்தை அதே ஒலியால், அதே ஜெல் தடவி, அதே மாதிரி புரோப்பால் பார்ப்பது எக்கோ. கார்டியாக் டெக்னாலஜி படித்த பட்டதாரிகள் தமிழ்நாட்டின் பல மருத்துவமனைகளில் எக்கோ பார்க்கிறார்கள். வால்வு சுருக்கத்தை அளக்கிறார்கள், இதயம் ரத்தத்தை வெளித்தள்ளும் விழுக்காட்டைக் கணிக்கிறார்கள், இதய மருத்துவர் அதன் மேல் முடிவெடுக்கிறார். எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் இதற்குப் பட்டமே தருகிறது. பித்தப்பைக் கல்லைப் பார்ப்பதைவிட மைட்ரல் வால்வைப் பார்ப்பது எளிது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இன்னொன்று கண். கண்புரை அறுவைக்கு முன், வைக்கப்போகும் லென்சின் பவரை முடிவு செய்யக் கண்ணின் நீளத்தை அளக்க வேண்டும். அதற்கு நெடுங்காலம் பயன்பட்டது ஏ-ஸ்கேன் என்ற ஒலிச் சோதனை. ஒரு மில்லிமீட்டர் தவறினால் கண்ணாடியின் பவர் ஏறத்தாழ இரண்டரை மாறிப்போகும் வேலை அது. 1976இல் டாக்டர் வெங்கடசாமி மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, பள்ளிப் படிப்பு முடித்த கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து இரண்டு ஆண்டு பயிற்சி கொடுத்து இதுபோன்ற அளவைகளை அவர்களிடம் ஒப்படைத்தது. அறுவை மருத்துவர்கள் அந்த எண்ணை நம்பித்தான் லென்ஸ் வைக்கிறார்கள். உலகம் பாராட்டும் அந்த முறையின் முதுகெலும்பு அந்தப் பெண்கள்.

ஆகவே என் கோரிக்கை இரண்டு பகுதி கொண்டது. சிறு மருத்துவமனைகளில் கர்ப்பம் சாராத ஸ்கேன்களைப் பயிற்சி பெற்ற சோனோகிராபர்கள் செய்யட்டும். எங்கே இது ஏற்கெனவே நடக்கிறதோ அங்கும், இனி நடக்கப்போகும் இடத்திலும், அவர் கண்டது அவர் பெயரோடு நிரந்தரப் பதிவில் இருக்கட்டும். 2021ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டம் தன் பட்டியலில் சோனோகிராபரையும் சேர்த்திருக்கிறது. ஒரு சட்டம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்ட தொழிலை இன்னொரு சட்டம் இல்லாமல் ஆக்கியிருக்கிறது.

இதற்கு வரும் எதிர்ப்புகளில் மிகக் கனமானது பெண் கருக்கொலை பற்றியது. அதை இலேசாகத் தள்ளிவிட முடியாது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஆயிரம் ஆணுக்கு 1991இல் 945 பெண்கள் இருந்த இந்தியாவில் 2001இல் 927 ஆகக் குறைந்தது. ஸ்கேன் எந்திரம் சந்துக்குச் சந்து வந்த பத்தாண்டு அது. ஈரலைப் பார்க்கும் புரோப்பை நான்கு விரற்கடை கீழே இறக்கினால் கருப்பை தெரியும்; இரண்டையும் பிரிக்கும் பூட்டு எந்திரத்தில் இல்லை. மருத்துவர் அல்லாத ஆயிரக்கணக்கானோர் கைக்கு இந்தத் திறமை போனால் பாலினம் சொல்லும் கடைகள் பெருகாதா என்று கேட்பவர்களின் பயம் நியாயமானது. ஆனால் 1991க்கும் 2001க்கும் இடையில் அந்த எண்ணைக் கீழே இழுத்ததில் பெரும் பங்கு யாருடைய கை? போலிகளும் இருந்தார்கள், பட்டம் பெற்றுப் பதிவு பெற்றவர்களும் இருந்தார்கள். சட்டமே அதை எதிர்பார்த்துத்தான், தண்டனை பெறும் மருத்துவரின் பெயரை ஐந்து ஆண்டு பதிவேட்டிலிருந்து நீக்கச் சொல்கிறது. பட்டம் ஒரு வேலியாக இருந்ததில்லை. கொஞ்சமாவது வேலியாக இருந்தது பதிவேடும் படிவமும் திடீர்ச் சோதனையும்தான். அரசு மருத்துவமனையில் சம்பளம் வாங்குகிற, ஒவ்வொரு சோதனையின் படமும் மையக் கணினியில் சேருகிற ஒரு சோனோகிராபரைக் கண்காணிப்பது, கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் தனியார் மையத்தைக் கண்காணிப்பதைவிட எளிது. அப்படியும் கர்ப்ப ஸ்கேனை இப்போதைக்கு மருத்துவர் கையிலேயே விட்டுவிடலாம் என்பதை ஏற்கிறேன். தர்க்கம் அங்கே என்னைத் தள்ளுகிறது என்றாலும், பெண் குழந்தைகள் விஷயத்தில் இந்தச் சமூகம் நடந்துகொண்ட விதத்தைப் பார்த்த பிறகு தர்க்கத்துக்கு மட்டும் கட்டுப்பட நான் தயாரில்லை.

இரண்டாவது எதிர்ப்பு ரேடியாலஜிஸ்டுகளிடமிருந்து வருவது. திரையில் தெரிவதைக் காண்பது வேறு, அது என்ன நோய் என்று சொல்வது வேறு. அதற்கு உடற்கூறும் நோயியலும் சி.டி., எம்.ஆர்.ஐ. அனுபவமும் வேண்டும் என்கிறார்கள். முழுக்கச் சரி. ஈரலில் உள்ள ஒரு வெள்ளைப் புள்ளி சாதாரண ரத்தநாளக் கட்டியா, வேறெங்கிருந்தோ வந்த புற்றா என்பதை இரண்டு ஆண்டு பயிற்சி பெற்றவர் தீர்த்துவிட முடியாது. தீர்க்கச் சொல்லவும் கூடாது. ஆனால் தாலுகா மருத்துவமனையின் கேள்விகளில் பெரும்பாலானவை அப்படிப்பட்டவை அல்ல. சிறுநீரகம் வீங்கியிருக்கிறதா, பித்தப்பையில் கல் உண்டா, வயிற்றில் நீர் கோத்திருக்கிறதா, விபத்தில் வந்தவருக்கு உள்ளே ரத்தம் கசிகிறதா, கால் சிரை நசுங்குகிறதா? ஆம், இல்லை, தெரியவில்லை என்ற மூன்றில் ஒன்று பதிலாக வரும் கேள்விகள் இவை. மூன்றாவது பதிலுக்குத்தான் இங்கே அழுத்தம் வேண்டும். குடல்வால் தெரியவில்லை என்பதும் குடல்வால் இயல்பாக இருக்கிறது என்பதும் ஒன்றல்ல. அவசரத்தில் ஒன்று மற்றொன்றாக எழுதப்படுவதால் வெடித்துப்போன குடல்வால்கள் உண்டு. காணாததைக் காணவில்லை என்று எழுதக் கற்றுக் கொடுத்த பயிற்சியே நல்ல பயிற்சி. அதை எழுதும் துணிவு வர, எழுதுபவருக்குக் கையெழுத்து இருக்க வேண்டும். பெயரில்லாமல் வேலை செய்பவருக்கு ஏதாவது ஒரு படத்தை அனுப்பிவிட்டு அடுத்த நோயாளியை அழைப்பதுதான் பாதுகாப்பு.

ஏழைகளுக்கு இரண்டாந்தர மருத்துவமா என்ற கேள்வியும் வரும். இப்போது அவர்களுக்குக் கிடைப்பது முதல்தரமா என்று திருப்பிக் கேட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் அது பதிலாகாது. இங்கே ஒரு சங்கடமான சான்று இருக்கிறது. காங்கோ, குவாத்தமாலா, கென்யா, பாகிஸ்தான், ஜாம்பியா ஆகிய ஐந்து நாடுகளின் கிராமப்புறச் சுகாதார நிலையங்களில், மருத்துவர் அல்லாத பணியாளர்களுக்குச் சில மாதப் பயிற்சி கொடுத்துக் கர்ப்ப ஸ்கேன் செய்ய வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. முடிவு 2018இல் வெளிவந்தது. தாய் சேய் மரணம் குறையவில்லை. மருத்துவமனைப் பிரசவமும் கூடவில்லை. என் வாதத்துக்கு எதிராக இதைக் காட்டுவார்கள், காட்ட வேண்டும். ஆனால் அதே ஆய்வின் தரச்சோதனையில், அந்தப் பணியாளர்கள் கண்டு சொன்னதும் வல்லுநர்கள் கண்டு சொன்னதும் 99 விழுக்காட்டுக்கு மேல் ஒத்துப்போயின. கை கற்றுக்கொண்டுவிட்டது. பிறகு நடக்க வேண்டியது நடக்கவில்லை: ஆபத்து என்று தெரிந்த தாயைக் கொண்டுபோக வண்டியோ, போன இடத்தில் ரத்தமோ அறுவை மருத்துவரோ போதுமான அளவு இருந்ததில்லை. தமிழ்நாட்டுத் தாலுகா மருத்துவமனைக்கு 108 வண்டி வருகிறது. மாவட்ட மருத்துவமனையில் அறுவை அரங்கு இரவிலும் இயங்குகிறது. கண்டுபிடிப்புக்கும் சிகிச்சைக்கும் நடுவிலுள்ள சாலை ஓரளவு போடப்பட்டிருக்கும் இடத்தில்தான் சோனோகிராபருக்குச் செலவழிக்கும் பணம் பலன் தரும். அந்தச் சாலை இல்லாத இடத்தில் எந்திரம் வாங்கி வைப்பது வீண் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

செயற்கை நுண்ணறிவு வந்து இந்தப் பேச்சையெல்லாம் பழசாக்கிவிடும் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். படத்தைப் படிப்பதில் அது வேகமாக முன்னேறுகிறது. ஆனால் அந்தப் படம் வந்து சேர, வலியில் நெளியும் ஒருவரின் வயிற்றில் ஒரு கை அழுத்த வேண்டியிருக்கிறது. படிக்கும் வேலை எந்திரத்துக்குப் போகப் போக, எஞ்சி நிற்பது அந்தக் கையின் வேலை.

அந்தக் கைக்கு நேரும் சேதத்தையும் பேசியாக வேண்டும். எந்தத் திட்ட அறிக்கையிலும் இது வருவதில்லை. தோளை அகட்டி, மணிக்கட்டை மடக்கி, பருமனான உடம்பின் மேல் விடாமல் அழுத்தியபடி கழுத்தைத் திரைப் பக்கம் திருப்பி வைத்திருப்பதுதான் நாள் முழுவதும் வேலை. அமெரிக்கச் சோனோகிராபர்களிடையே 2009இல் வெளியான கணக்கெடுப்பில் பத்துப் பேரில் ஒன்பது பேர் வலியோடுதான் ஸ்கேன் செய்வதாகச் சொன்னார்கள். அங்கே உயரம் மாற்றக்கூடிய கட்டிலும் திருப்பக்கூடிய திரையும் இருந்தே இந்த நிலை. ஒரு நாளைக்கு அறுபது, எழுபது நோயாளிகளைத் தள்ளிவிடும் நம் புறநோயாளிப் பிரிவு வேகத்தை இந்த அறைக்குள் அப்படியே கொண்டுவந்தால், ஐந்து ஆண்டில் பயிற்சி பெற்ற தோள்கள் பயனற்றுப் போகும். அதற்கு முன்பே படங்களின் தரம் போய்விடும். ஒரு சோதனைக்கு இருபது நிமிடம் என்பது ஆடம்பரம் அல்ல, முன்பு சொன்ன முப்பதாயிரம் படங்களுக்குத் தேவையான நேரம்.

எங்கே தொடங்குவது என்று நிர்வாகிகள் கேட்டால், எக்கோ பார்க்கும் டெக்னீஷியன் ஏற்கெனவே பணியில் இருக்கும் மாவட்ட மருத்துவமனைகளில் தொடங்கலாம் என்பேன். புரோப் பிடிக்கத் தெரிந்த கை அங்கே இருக்கிறது; மேற்பார்வைக்கு ரேடியாலஜிஸ்டும் அதே வளாகத்தில் இருக்கிறார். முதல் ஆண்டு முழுவதும் ஒவ்வொரு நோயாளியையும் இருவரும் தனித்தனியாகப் பார்த்துத் தனித்தனியாக எழுதட்டும். இரண்டு தாளும் ஒத்துப்போகும் சோதனைகள் எவை, போகாதவை எவை என்று ஆண்டு முடிவில் தெரிந்துவிடும். ஒத்துப்போனவற்றைத் தாலுகாவுக்கு அனுப்பலாம். போகாதவை ரேடியாலஜிஸ்டிடமே இருக்கட்டும். அறிக்கைப் படிவத்தில் மாற்ற வேண்டியது ஒரே ஒரு வரிதான்: மருத்துவர் கையெழுத்துக்கு மேலே, ஸ்கேன் செய்தவர் பெயர், பதிவு எண், காண முடியாமல்போன உறுப்புகள் என்று ஓர் இடம்.